கரண்ட் போய் வந்தால் என்எஃப்எஸ் மவுன்ட் ஆவதில்லை, ரூட் டிஸ்க்கும் நிரம்பிவிட்டது

கேள்வி:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் உபுண்டு 22.04 ஓடும் நான்கு சர்வர்கள் இருக்கின்றன. கோப்பு சர்வரில் உள்ள /டேட்டா டைரக்டரியை என்எஃப்எஸ் 4 (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக எல்லாவற்றிலும் மவுன்ட் செய்கிறோம், அதாவது இணைக்கிறோம். எஃப்எஸ்டேப்பில் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) நோஃபெயில் (மவுன்ட் தோற்றாலும் பூட் ஆவது தொடரும்), _நெட்டெவ் (நெட்வொர்க் தேவைப்படும் மவுன்ட்) இரண்டும் போட்டிருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் நான்கிலும் /டேட்டா காலியாகக் கிடக்கிறது. கையால் மவுன்ட் செய்தால் உடனே வந்துவிடுகிறது. ஒரு சர்வரில் ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) 98% நிரம்பிவிட்டது என்று டிஎஃப் கட்டளை சொல்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ போட்டுப் பார்த்தால் பாதிகூடக் கணக்கு வரவில்லை. பையன்கள் நாளை அளவீடு ஓட்ட வேண்டும். உதவுங்கள்.

பதில் 1:
உங்கள் கோப்பு சர்வர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகிறது?

கேட்டவர்:
டிஸ்க் சோதனை முடிந்து ஆறேழு நிமிடம் ஆகும் அண்ணா. மற்றவை ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

பதில் 1:
அப்போ காரணம் அதுதான் தம்பி. _நெட்டெவ் நெட்வொர்க் வரும்வரைதான் காத்திருக்கும், எதிர்முனை சர்வர் எழுந்ததா என்று பார்க்காது. சிஸ்டம்டி (பூட் ஆகும்போது சேவைகளையும் மவுன்ட்களையும் தொடங்கும் நிரல்) வழக்கமாக 90 வினாடி பொறுத்துவிட்டுக் கைவிடும், மறுபடி தானாக முயலாது. நோஃபெயில் இருப்பதால் சர்வர் பூட் ஆவதும் நிற்காமல் போய்விடுகிறது.

உங்கள் இரண்டு பிரச்சினையும் ஒன்றுதான். மவுன்ட் ஆகாத நேரத்தில் ஏதோ ஒரு வேலை /டேட்டாவில் எழுதியிருக்கிறது, அது ரூட் டிஸ்க்கில் விழுந்திருக்கிறது. பிறகு நீங்கள் மவுன்ட் செய்ததும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துவிட்டன. ரூட்டை /எம்என்டியில் பைண்ட் மவுன்ட் செய்து (அதே டைரக்டரியை இன்னொரு இடத்திலும் காட்டும் முறை), /எம்என்டி/டேட்டாவுக்குள் பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள், முதலில் நகலெடுங்கள்.

பதில் 2:
சாஃப்ட் என்று மவுன்ட் ஆப்ஷனில் போட்டால் சர்வர் பதில் சொல்லாதபோதும் நிரல்கள் தொங்காமல் இருக்கும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பதில் 1:
எழுதும் டைரக்டரிக்கு சாஃப்ட் வேண்டாம், தயவுசெய்து. சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் எழுதுவது பாதியில் பிழையாகி நிற்கும், நிரல் அதைக் கவனிக்காவிட்டால் கோப்பு கெட்டுப்போகும். ஹார்ட் என்றால் காத்திருக்கும், ஆனால் தரவு தப்பும்.

எஃப்எஸ்டேப் வரியில் நோஆட்டோ, எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட் இரண்டையும் சேருங்கள். பிறகு டெமான்-ரீலோடு கொடுத்து (சிஸ்டம்டி புதிய அமைப்பைப் படித்துக்கொள்ள), ஆட்டோமவுன்ட் யூனிட்டைத் தொடங்குங்கள். பூட் ஆகும்போது மவுன்ட் ஆகாது, யாராவது /டேட்டாவைத் தொட்ட கணத்தில்தான் ஆகும். கோப்பு சர்வர் அப்போதும் வரவில்லையென்றால் தொட்டவருக்குப் பிழை வரும், ரூட் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது.

இன்னொன்று. சில வினாடிக்குள் பலமுறை தோற்றால் சிஸ்டம்டி ஆட்டோமவுன்ட்டையே கீழே இறக்கிவிடும், அடியில் உள்ள வெறும் டைரக்டரி மறுபடி வெளியே தெரியும். அதனால் மவுன்ட்டையும் ஆட்டோமவுன்ட்டையும் நிறுத்திவிட்டு, காலி டைரக்டரிக்கு சிஎச்ஏடிடிஆர் +ஐ (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டு வையுங்கள். அதற்குள் ரூட் பயனராலும் எழுத முடியாது, மேலே மவுன்ட் செய்ய அது தடையில்லை.

கேட்டவர்:
பைண்ட் செய்து பார்த்தேன். உள்ளே இரவு பேக்கப் முழுதாகக் கிடந்தது, கூடவே ஒரு மாணவரின் மூன்று நாள் அளவீடுகளும். தொலைந்தது என்று அவர் மறுபடி எடுக்கத் தொடங்கியிருந்தார். எல்லாவற்றையும் கோப்பு சர்வருக்கு மாற்றிவிட்டேன். ஒரு சர்வரில் நீங்கள் சொன்னபடி செய்து, கோப்பு சர்வரை அணைத்துவிட்டு ரீபூட் செய்தேன். /டேட்டாவுக்குள் போனால் பிழை வந்தது. கோப்பு சர்வரை மறுபடி எழுப்பிய பின் கோப்புகள் வந்துவிட்டன. மற்ற மூன்றையும் இன்று இரவே மாற்றுகிறேன். மிக்க நன்றி அண்ணா.