க்யூ இருக்கணும், அடுத்து யூ வரக்கூடாது: சொற்பட்டியலா, அகராதியா?

கட்டைப்பலகை
எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டைப் பழகுகிறவர்களுக்காக ஒரு தொகுப்பு தயாராகிறது. க்யூ எழுத்து இருந்து, அதையடுத்து யூ வராத ஆங்கிலச் சொற்கள், பொருளோடு. முதலில் சொற்பட்டியலில் சலித்து எடுத்துப் பிறகு பொருள் சேர்ப்பதா, நேரே அகராதியிலேயே தேடுவதா? இரண்டு பக்கமும் வாதம் வரட்டும்.

நிரல்வாசி
சொற்பட்டியல்தான், சந்தேகமே வேண்டாம். வரிக்கு ஒரு சொல் உள்ள கோப்பு, கொடுத்த வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளை எடுத்துத் தரும் கிரெப் கட்டளை, வேலை முடிந்தது. ஆனால் தேடல் வடிவத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

"யூ இல்லாத சொற்கள்" என்று வடிகட்டினால் புர்கா, சூக் (அரபுச் சந்தை), ஊமியாக் (தோல் படகு) எல்லாம் போய்விடும். அவற்றில் யூ உண்டு, க்யூவுக்குப் பின்னால் இல்லை, அவ்வளவுதான். சரி என்று க்யூ போட்டு, சதுர அடைப்புக்குள் கேரட் குறியும் (^) யூவும் வைப்பார்கள். அதன் அர்த்தம் "யூ அல்லாத ஏதோ ஓர் எழுத்து அடுத்து வரணும்" என்பது. அடுத்து எழுத்தே இல்லாவிட்டால் பொருந்தாது. ஆக, க்யூவில் முடிகிற டிராங்க், தலாக், சூக் மூன்றும் காலி. க்யூவுக்குப் பின் டாலர் குறி, அதாவது வரி முடிவு, என்ற இரண்டாவது வடிவத்தையும் "அல்லது" போட்டுச் சேர்த்தால்தான் முழுசாக வரும்.

இன்னொரு கூத்து. விண்டோஸில் சேமித்த கோப்பை லினக்ஸில் திறந்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது டாலர் வடிவம் வேலை செய்யாது, அரைகுறையான முதல் வடிவம் எல்லாவற்றையும் பிடித்துவிடும்! நம் வடிவம் சரி என்று நம்பிவிடுவோம். வேறு கோப்புக்குப் போனதும் குட்டு வெளிப்படும்.

அகராதிப்புழு
நிரல்வாசி, நீங்கள் சொல்வது சலிப்பது மட்டும்தான். கட்டைப்பலகை கேட்டது பொருளோடு. லினக்ஸோடு வருகிற சொற்கோப்பில் ஈராக், கத்தார் இரண்டும் வந்து நிற்கும். சிறப்புப் பெயர்கள் விளையாட்டில் செல்லாது. பொருள் இல்லாத பட்டியலில் அவற்றைக் கண்டுபிடித்துக் களைவது யார்?

பல அகராதிகளில் ஒரே நேரத்தில் தேடும் ஒன்லுக் தளத்தில் நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்தும், கேள்விக்குறி போட்டால் ஒரே எழுத்தும் பொருந்தும். முக்காற்புள்ளி வைத்துப் பொருளையும் கொடுத்துத் தேடலாம். வடிவமும் பொருளும் ஒரே இடத்தில் இருக்கையில் கட்டளைத் திரை எதற்கு?

நிரல்வாசி
அங்கேயும் கழித்தல் குறிக்குப் பின் யூ போட்டால் யூ உள்ள சொல் முழுவதும் போய்விடும். புர்கா அங்கேயும் கிடைக்காது. அதோடு, விளையாட்டுக்கு எது செல்லும் என்பதைச் சொல்வது அகராதி இல்லை, அதிகாரப்பூர்வப் பட்டியல். வட அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் புழங்கும் காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள்; வட அமெரிக்கப் பட்டியலில் 2 லட்சம்கூடக் கிடையாது. எந்தப் பட்டியலில் ஆடுகிறோம் என்பது முதலில் தீர்மானமாகணும்.

கோப்பின் வயதைப் பார்க்க ஒரு சுலப வழி: க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல்லைத் தேடுங்கள். சீனச் சிந்தனையில் உயிராற்றல் என்று பொருள். வட அமெரிக்கப் பட்டியலில் அது 2006-இல்தான் ஏறியது. இல்லையென்றால் கையில் இருப்பது பழைய சரக்கு.

பொருளே தேவையில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. ஸ்கிராபிள் ஆட்டக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. 2024-இல் ஸ்பானியப் பட்டமும் அப்படித்தான்.

அகராதிப்புழு
ரிச்சர்ட்ஸின் ஞாபகசக்தியை வைத்து ஊருக்கெல்லாம் பாடத்திட்டம் போடமுடியாது. சாதாரணமாகப் படிக்கிறவருக்கு வெறும் எழுத்துக் கோவை நாலு நாளில் மறந்துவிடும். பொருள் தெரிந்தால் நிற்கும்: கனாட் என்றால் நிலத்தடியில் நீர் கொண்டுவரும் ஈரானியக் கால்வாய், கோஃப் என்றால் எபிரேய நெடுங்கணக்கின் 19-வது எழுத்து, டிராங்க் என்றால் மயக்க மருந்தின் பேச்சுவழக்குச் சுருக்கம். பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று தெரிந்தால் எஸ் சேருமா என்றும் ஊகிக்கலாம்.

நிரல்வாசி
அந்த ஊகம்தான் ஆளைக் கவிழ்க்கும். உயிராற்றல் என்ற பொருளை நம்பினால் "இதற்கு ஏது பன்மை" என்று விட்டுவிடுவோம். ஆனால் க்யூ-ஐ-எஸ் செல்லும்.

கட்டைப்பலகை
இருவரும் சொல்வதைப் பார்த்தால் பட்டியலில் சலித்து, பிறகு அகராதியோடு இணைப்பதுதான் வழி போல. இணைக்கும்போது என்ன உதிரும்?

அகராதிப்புழு
நிறைய. முதலாவது, அகராதித் தலைச்சொல்லில் பன்மை இருக்காது. விக்சனரி என்ற இணைய அகராதியில் இருக்கும், ஆனால் "இன்னதன் பன்மை" என்று மட்டும் போட்டிருக்கும். இரண்டாவது, இந்தச் சொற்களில் பாதி மாற்று எழுத்துக்கூட்டல்கள். காட் இலை, ஃபகீர், சூக், ஷெக்கல் எல்லாவற்றுக்கும் கே எழுத்து வரும் வடிவமே பல அகராதிகளில் பிரதானம். க்யூ வடிவத்தின் கீழ் "அதைப் பார்க்க" என்ற குறிப்புத்தான் கிடைக்கும். அதனால் இணைப்பை இரண்டு தடவை ஓட்டணும்: முதலில் குறிப்பை எடுத்து, அது காட்டும் சொல்லுக்கு மறுபடி போய்ப் பொருளை எடுத்து. ஒரே ஓட்டத்தில் முடித்தால் பொருள் கட்டத்தில் வெறும் "பார்க்க" நிற்கும். இதனால்தான் அகராதியிலிருந்து ஆரம்பி என்கிறேன்.

எழுத்தெண்ணி
குறுக்கே ஒன்று. "இந்த எழுத்து உண்டா" என்ற தேடல் எத்தனை முறை என்று எண்ணாது. பிஸாஸ் என்ற ஏழெழுத்துச் சொல்லில் நாலு இசட். பெட்டியில் இசட் கட்டை ஒன்று, எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் கட்டை இரண்டு, வைக்கவே முடியாது. பட்டியலில் மட்டும் ஜம்மென்று இருக்கும். க்யூவும் ஒரே கட்டைதான், எண்ணிக்கையையும் சலியுங்கள்.

நிரல்வாசி
அது சரி. பன்மைக்கு வருகிறேன்: எஸ் வெட்டி மூலச்சொல் காணும் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். லென்ஸ் என்ற சொல்லை "லென்" ஆக்கிவிடும். வெட்டியது பட்டியலிலும் அகராதியிலும் இருந்தால் மட்டும் ஏற்கணும். எதிர்த்திசையில் பன்மையை நீங்களே உருவாக்கவும் கூடாது. க்வெர்டி (விசைப்பலகை அமைப்பின் பெயர்) ஒய்யில் முடிகிறது. ஐ-ஈ-எஸ் ஆக்கும் விதியை மட்டும் நம்பினால், ஒய்யோடு நேரே எஸ் சேர்ந்த செல்லுபடியான வடிவம் தொகுப்பில் ஏறவே ஏறாது.

அகராதிப்புழு
நியூஸ் என்ற சொல்லில் எஸ்ஸை வெட்டினால் கிடைப்பது பட்டியலிலும் உண்டு, அகராதியிலும் உண்டு. உங்கள் இரட்டைச் சோதனை அதைப் பாஸ் போட்டு அனுப்பிவிடும், "புதிய" என்ற பொருளோடு. இதற்கு என்ன பதில்?

நிரல்வாசி
முதலில் முழுச்சொல்லையே அகராதியில் தேடணும். கிடைக்காதபோதுதான் வெட்டணும். நியூஸ் தனித் தலைச்சொல், வெட்டும் இடத்துக்கே வராது.