மறு: ரூட் ஸ்கிரீன் – ‘சிலுவைத் திரை’ வேண்டாமே

குழு நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் பழைய கோயில்களில் உள்ள ‘ரூட் ஸ்கிரீன்’ (rood screen) என்ற தடுப்புக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ஸ்கிரீன் என்றால் திரைதானே. ‘சிலுவைத் திரை’ என்று முடித்துவிடலாம்.

முடித்துவிடலாம்தான், ஆனால் படிப்பவர் மனதில் துணிதான் வந்து தொங்கும். இடைக்கால இங்கிலாந்தின் பங்குக் கோயில்களில் மக்கள் கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே நின்றது பெரும்பாலும் ஓக் மரத்தில் செய்த தச்சுவேலை. கீழே அடைத்த பலகை, மேலே கண் ஊடுருவும்படி செதுக்கிய சட்டங்கள், நடுவில் வாசல். அதற்கு மேல் ஆள் ஏறி நிற்கக்கூடிய மேடை. அந்த உயரத்தில் பெரிய பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), இருபுறமும் மரியாளும் யோவானும்.

பார்வையை மறைப்பது இதன் நோக்கமே இல்லை. பூசையில் எழுந்தேற்றத்தை, அதாவது குரு அப்பத்தை உயர்த்திக் காட்டுவதை, கண்ணால் காண்பதை அன்றைய மக்கள் பெரும் பேறாகக் கருதினார்கள். சில ஊர்களில் கீழ்ப்பலகையிலேயே சிறு துளைகள் இருக்கின்றன, முழந்தாளிட்டிருப்பவரின் கண் மட்டத்தில். இப்படிப்பட்ட ஒன்றைத் திரை என்றால் பொருள் தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை ‘சிலுவைக் கிராதி’. பீடத்தின் முன்னால் உள்ள அழித் தடுப்பைக் கத்தோலிக்கர்கள் கிராதி என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல்தான், ஆனால் வந்து எத்தனையோ காலமாயிற்று. அதோடு குழம்பும் என்றால் அதைப் ‘பீடக் கிராதி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

> ‘இடைத்தடுப்பு’ இன்னும் எளிமை இல்லையா?

எளிமைதான். ஆனால் சிலுவை காணாமல் போகிறது. ரூட் என்பதே பழைய ஆங்கிலத்தில் சிலுவைதான். தவிர, ஒரு சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அடுத்த பக்கத்திலேயே மாட்டிக்கொள்வோம். 1561இல் முதலாம் எலிசபெத்தின் ஆணை வந்தது. மேலே இருந்த மேடைகளை இறக்க வேண்டும், கீழே உள்ள அடைப்பு நிற்கலாம் என்பது அதன் சாரம். இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘சிலுவைப் பரணை இறக்கு, சிலுவைக் கிராதியை விட்டுவை.’ பரண் என்ற வீட்டுச் சொல் இங்கே கச்சிதமாக உட்காருகிறது. சுரூபத்தைத் தாங்கிய விட்டம் ‘சிலுவை உத்தரம்’, சுவருக்குள் ஏறும் வழி ‘பரண் படி’. பரண் போன பிறகும் படி மிஞ்சிய கோயில்கள் நிறைய உண்டு. ஏறிப் போனால் வாசல் அந்தரத்தில் திறக்கும்.

இதோடு ஒட்டிய ‘டூம்’ (doom) ஓவியத்துக்கு, அதாவது உலக முடிவில் நடக்கும் இறுதித் தீர்ப்பைக் காட்டும் ஓவியத்துக்கு, ‘பொதுத்தீர்வை ஓவியம்’ போதும், ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல். சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற ஊரில் 1892இல் சுண்ணாம்பு பூசிய பழம்பலகைகளைக் கழற்றி வெளியே போட்டார்கள். மழையில் சுண்ணாம்பு கரைந்து பொதுத்தீர்வைக் காட்சி வெளிவந்தது. அதன் நடுவே சிலுவை வடிவிலும் ஆள் வடிவிலும் வண்ணம் படாத இடங்கள். அந்தப் பலகைகளின் முன்னால்தான் சுரூபங்கள் நின்றிருந்தன. வெறும் ‘இடைத்தடுப்பு’ என்று எழுதிவிட்டால், அந்த வெற்றிடம் ஏன் சிலுவை வடிவில் இருக்கிறது என்று வாசகருக்கு எப்படி விளங்கும்?

மீதி இருப்பது கீழ்ப்பலகை. நார்ஃபோக்கின் ரான்வொர்த்தில் 15ஆம் நூற்றாண்டு அப்போஸ்தலர்கள் வரிசையாக நிற்பது இதில்தான். ‘சித்திரப் பலகை’ என்று ஒரு நண்பர் சொன்னார். எல்லா ஊரிலும் சித்திரம் இல்லையே, அதனால் ‘அடிப்பலகை’ பக்கம் சாய்கிறேன். தச்சுவேலை அறிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் அதற்கே என் ஆதரவு. கிராதி, பரண், உத்தரம், படி நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.