கார்ல கோதோ சன்ஸான் (ஜப்பான் ஷிகாவுல இருக்கற மூணு மலைப் புத்த கோயில்) – நம்ம குடும்பக் குழு

கவிதா: நவம்பர் 20க்கு மேல ஒரு வெள்ளிக்கிழமை போலாம், இலையெல்லாம் சிவந்திருக்கும். சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். கியோட்டோவுல கார் எடுத்தா டிராஃபிக்லயே பாதி நாள் போயிடும். மைபாரா வரை ரயில், அங்க வாடகை கார்.

அருண்: ஈடிசி கார்டும் (நம்ம ஃபாஸ்டேக் மாதிரி டோல் கட்டற கார்டு) சேத்து புக் பண்ணுக்கா. கோதோ சன்ஸான் ஸ்மார்ட் இன்டர்சேஞ்சுல (எக்ஸ்பிரஸ்வேலேந்து இறங்கற வழி) கார்டு இல்லாம இறங்க முடியாது. கார்டு இருந்தாலும் கேட் முன்னாடி வண்டி முழுசா நின்னாதான் திறக்கும்.

மாமா: நானும் கொஞ்ச தூரம் ஓட்டட்டுமா? என் லைசென்ஸ் இங்கிலீஷ்லதான் இருக்கு.

அருண்: அது போதாது மாமா. கிளம்பறதுக்கு முன்னாடியே ஆர்டிஓவுல ஐடிபி, அதான் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், வாங்கிடுங்க. அது, ஒரிஜினல் லைசென்ஸ், பாஸ்போர்ட் மூணும் கையில வேணும். கவுன்டர்ல உங்க பேரையும் டிரைவரா சேக்கணும், இல்லாட்டி இடிச்சா இன்ஷூரன்ஸ் கிடையாது.

மாமா: ரோடு நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தானே?

அருண்: ஆமா. ஆனா சிவப்பு விழுந்தா ஃப்ரீ லெஃப்ட்டெல்லாம் இல்ல. தலைகீழா இருக்கற சிவப்பு முக்கோண போர்டுல சக்கரம் சுத்தாம நிக்கணும். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் நின்னுதான் போகணும். சும்மா கீறல் விழுந்தாக்கூட 110க்கு போன் பண்ணணும். போலீஸ்ல பதிவாகலன்னா க்ளெய்ம் நிக்காது.

அத்தை: மூணு கோயில்ல எது முதல்ல?

கவிதா: மேப்ல வடக்கேந்து சைம்யோஜி, கொங்கோரின்ஜி, ஹ்யகுசைஜி. அந்த வரிசையில போனா கொங்கோரின்ஜி பார்க்கிங் நிரம்பிடும். அதனால எட்டரைக்குத் திறக்கும்போதே அங்க நிக்கணும். ஏறற வழி நெடுக காத்துல சுத்தற காத்தாடி வச்ச குட்டி ஜிஸோ (குழந்தைகளைக் காக்கற புத்த தெய்வம்) சிலைங்க. மேல மெயின் ஹால் பக்கத்து மேப்பிள் ரத்தச் சிவப்பு. ஆனா எனக்குப் பிடிச்சது கீழ ம்யோஜுஇன் தோட்டம்தான். திண்ணையில உக்காந்தே குளம், பாறை, இலை எல்லாம் பாக்கலாம்.

அத்தை: செருப்பைக் கழட்டணுமா?

கவிதா: ஆமா அத்தை, கெட்டி சாக்ஸ் போட்டுக்கோங்க. பலகைத் தரை சில்லுனு இருக்கும். அடுத்து சைம்யோஜி: பாசித் தோட்டம், சிவந்த இலைங்க நடுவுல நவம்பர்லயே பூக்கற செர்ரி.

அருண்: ஹ்யகுசைஜிக்கு மூணு மணிக்குள்ள போயிடணும். அஞ்சுக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும், படிக்கட்டு நீளம். 1573ல நொபுநாகாங்கற போர்த் தலைவர் எரிச்ச இடம். முட்டி வலின்னா படியை விட்டுட்டு அங்கயே இருக்கற கிகென்இன் தோட்டம் மட்டும் பாத்தாப் போதும்.

மாமா: பெட்ரோல்?

அருண்: ஃபுல் டேங்க்கா திருப்பித் தரணும். வாடகை வண்டிக்குப் பெரும்பாலும் ரெகுலர், சிவப்புக் குழாய். பச்சை டீசல், அதைத் தொட்டுடாதீங்க. ரசீதைத் தூக்கிப் போடாதீங்க, கேப்பாங்க.