150 மணி நேரம் காட்டினால்தான் ரெனியூவலா? செவிலியர் தொடர்கல்வி பற்றி ஒரு விவாதம்

மூணாவது வார்டு:
போன ஞாயிறு நைட் டூட்டி முடிச்சு, காலைல எட்டரை மணிக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்துட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம ஒரு சி.என்.இ. (செவிலியர் தொடர்கல்வி) நிகழ்ச்சிக்குப் போனேன். கட்டணம் 800 ரூபாய். வாசல்ல ஒரு கையெழுத்து, ஒரு ஃபைல், ஒரு பேனா. குத்துவிளக்கு ஏத்தி, பொன்னாடை போர்த்தி, வரவேற்புரை முடியவே பதினொரு மணி. அப்புறம் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படின்னு ஒருத்தர் ஸ்லைடு போட்டு வாசிச்சார். ராத்திரி முழுக்க நின்ன உடம்பு, மூணாவது வரிசைல தூங்கிட்டேன். சாயங்காலம் இன்னொரு கையெழுத்து, ஆறு மணி நேர கிரெடிட். முழிச்சிருந்து குறிப்பு எடுத்த பொண்ணுக்கும் அதே ஆறுதான்.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரம் தொடர்கல்வி வேணும்ங்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் வச்ச கணக்கு. வருஷத்துக்கு 30. தனியார் ஆஸ்பத்திரில 12 மணி நேர ஷிப்ட், வாரத்துக்கு ஒரு ஆஃப். இந்த 30 மணி நேரத்துக்கு வருஷத்துல அஞ்சு ஆஃப் போகுது. பஸ் செலவும் ஃபீஸும் நம்ம கைக்காசு. படிக்க வேண்டாம்னு நான் சொல்லல. படிப்பையும் லைசென்ஸையும் இப்படி முடிச்சுப் போடாதீங்கன்னு சொல்றேன். முடிச்சுப் போட்டதனாலதான் கிளாஸ் கையெழுத்து வாங்கற இடமா ஆயிடுச்சு.

பழைய ட்யூட்டர்:
சிஸ்டர், நீங்கள் சொன்ன கூட்டத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதுபோன்ற கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கட்டாயம் கூடாது என்ற முடிவுக்கு உடன்பட முடியாது. காரணம் என் சொந்த அனுபவம்.

1990களில் ஜி.என்.எம். (செவிலியர் பட்டயம்) படித்தபோது, பேக் கேர், அதாவது படுத்தே கிடக்கும் நோயாளியின் முதுகுப் பராமரிப்பு என்றால் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, சிவந்திருக்கும் இடத்தை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். செய்முறைத் தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்று இன்று சொல்கிறார்கள். ஏற்கெனவே அழுத்தத்தில் நசுங்கிய சிறு ரத்தக் குழாய்களும் திசுவும் தேய்ப்பதால் மேலும் கெடும். ஸ்பிரிட் தோலைக் காயவைத்து வெடிக்கச் செய்யும். எத்தனை வார்டுகளில் இன்றும் அந்த ஸ்பிரிட் பாட்டில் கட்டிலோரம் நிற்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

மூக்கு வழியாக வயிற்றுக்குள் போடும் ரைல்ஸ் டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றடித்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்போம். டியூப் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கலாம். அதனால் உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே. பதினைந்து வருடம் நான் காற்றடித்துத்தான் பார்த்தேன். அதையே மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் எங்கெங்கோ வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

என்னை மாற்றியது ஒரு கட்டாய வகுப்பு. விருப்பமிருந்தால் வாருங்கள் என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன், எனக்குத்தான் தெரியுமே என்று இருந்திருப்பேன். தெரியாததை ஒருவர் தேடிப் போய்ப் படிப்பார். தப்பாகத் தெரிந்துவைத்திருப்பதை யார் தேடிப் போவார்?

ஐசியு பிரதர்:
மேடம் சொல்றது சரி, ஆனா அதுக்கு மருந்து மணிக்கணக்கு இல்ல.

இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கிற சி.பி.ஆர்., நான் படிச்சப்போ 15 அழுத்தம், 2 மூச்சு. 2005-ல 30-க்கு 2 ஆச்சு. 2010-ல மூச்சுப்பாதை, மூச்சு, நெஞ்சழுத்தம்ங்கிற ஏ-பி-சி வரிசை போய் சி-ஏ-பி வந்துச்சு, அதாவது முதல்ல நெஞ்சழுத்தம். 2015-ல நிமிஷத்துக்கு 100-லிருந்து 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாம, 6-ஐத் தாண்டாம. இதெல்லாம் கேட்டா எங்க யூனிட்ல எல்லாரும் ஒப்பிப்பாங்க. இந்தப் பயிற்சிக்குக் கொடுக்கிற பி.எல்.எஸ். கார்டு ரெண்டு வருஷம் செல்லும். ஆனா கை அவ்வளவு நாள் தாங்காது. பயிற்சி எடுத்த மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள திறமை இறங்கிடும்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது.

ஒரு ராத்திரி கோட் போச்சு, அதாவது ஒரு நோயாளிக்கு இதயம் நின்னுபோச்சு. கார்டு செல்லுபடியில இருந்த ஒரு ஸ்டாஃப், பாவம், நல்ல பொண்ணு, மெத்தையைத்தான் அமுக்கிட்டிருந்தா. கீழ பலகை வைக்கணும்னு தோணல. எழுத்துத் தேர்வுல 90 மார்க் வாங்கினவ அவ. அப்புறம் நாங்களா ஒரு டம்மி வாங்கி யூனிட் மூலைல வச்சோம். மாசம் ஒரு தடவை ஆளுக்கு ரெண்டு நிமிஷம், பக்கத்துல ஒருத்தர் எண்ணணும். வருஷத்துக்கு மொத்தம் அரை மணி நேரம்கூட வராது. எந்த கிரெடிட் கணக்குலயும் ஏறாது. ஆனா கை மாறியிருக்கு.

மூணாவது வார்டு:
பிரதர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ட்யூட்டர் மேடம், பி.எச். பேப்பர் பத்திச் சொன்னீங்க. எங்க ஸ்டோர்ல இண்டெண்ட் போட்டு நாலு மாசம் ஆச்சு, வரல. கத்துக்கிட்டு வந்து எதை வச்சுப் பார்க்கிறது?

இன்னொண்ணு. சாதாரண ஆஸ்பத்திரில அஞ்சு நோயாளிக்கு ஒரு நர்ஸ், டீச்சிங் ஆஸ்பத்திரில மூணு பேருக்கு ஒருத்தர்னு சொன்னதும் இதே கவுன்சில்தான். நேத்து ராத்திரி எனக்கு 22 பேர். 2014-ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஐரோப்பால ஒன்பது நாடு, 300 ஆஸ்பத்திரி, ஆபரேஷன் ஆன 4,22,730 பேர். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினா, 30 நாளைக்குள்ள சாகற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஒரே ஒரு நோயாளி கூடினதுக்கே இவ்வளவு! நாங்க கூடுதலா சுமக்கிற பதினேழு பேருக்கு என்ன கணக்கு? ஆள் போடச் சொன்ன விதியை யாரும் கேட்க மாட்டாங்க, ஆனா 150 மணி நேரத்துக்கு மட்டும் எங்க கழுத்துல கயிறு.

பழைய ட்யூட்டர்:
அந்த ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள் சிஸ்டர். அதே கட்டுரையில்தான், பட்டம் படித்த செவிலியர் விகிதம் 10 சதவீதம் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்றும் இருக்கிறது. ஆள் எண்ணிக்கையும் படிப்பும் இரண்டுமே உயிரைக் காக்கின்றன. ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக மற்றதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்.

கழுத்தில் கயிறு என்ற வார்த்தை எனக்கு வலிக்கிறது. டாக்டர்கள் நம்மைக் கையாட்கள் என்று நினைத்த காலத்தில், நாங்களும் ஒரு தொழில்முறைப் பிரிவு, எங்களுக்கும் பதிவு உண்டு, பதிவுக்குத் தகுதி உண்டு என்று போராடி வாங்கிய இடம் இது. 1926-ல் மெட்ராஸ் நர்சுகள், மிட்வைஃப்கள் சட்டம் வந்ததிலிருந்து வருகிற உரிமை. தகுதியைப் புதுப்பிக்கத் தேவையில்லை என்று நாமே சொன்னால், யார் வேண்டுமானாலும் ஊசி போடலாம் என்பவனுக்கு என்ன பதில் சொல்வோம்?

லீட்ஸ் தமிழச்சி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் மேடம். அந்த 7 சதவீதம் பட்டப்படிப்பைப் பற்றியது. வேலைக்கு வந்த பிறகு நடக்கும் வகுப்புகளுக்கு அதைச் சான்றாக்க முடியாது. வகுப்புகளுக்கென்று தனியாகப் பார்த்தது 2009-ல் வந்த காக்ரேன் (பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் அமைப்பு) தொகுப்பு. 81 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சரியான நடைமுறையைப் பின்பற்றுவது நடுமதிப்பாக 6 சதவீதம் கூடியிருந்தது. பலன் உண்டு, ஆனால் சின்னது. வெறும் சொற்பொழிவைவிட, சொற்பொழிவோடு செய்து பார்ப்பதும் கலந்து பேசுவதும் சேர்ந்தபோது பலன் கூடுதல்.

நான் இங்கே பிரிட்டனில் இரண்டு முறை பதிவைப் புதுப்பித்துவிட்டேன். 2016 ஏப்ரலிலிருந்து இருக்கும் முறை இது. மூன்று வருடத்தில் 450 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். படிப்பு 35 மணி நேரம்தான், அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து படித்ததாக இருக்க வேண்டும். அதோடு ஐந்து அனுபவக் குறிப்புகள்: வார்டில் என்ன நடந்தது, அதிலிருந்து என்ன கற்றேன், என்ன மாற்றினேன். என் வேலையைப் பற்றி ஐந்து கருத்துகளும் வாங்கணும். எல்லாவற்றையும் இன்னொரு செவிலியரோடு உட்கார்ந்து பேசி முடிக்கணும். எனக்கு அந்தக் குறிப்பு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு மருந்து தாமதமானதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், எழுதி முடிக்கும்போதுதான் தப்பு எங்கே என்று புரிந்தது.

கட்டாயம் இருக்கட்டும். மூன்று வருடத்துக்கு 35 மணி நேரம் போதும் என்று ஒரு நாடு நினைக்கும்போது, ஐந்து வருடத்துக்கு 150 எதற்கு? எண்ணைக் குறைத்து உள்ளே இருப்பதைக் கூட்டினால் என்ன?

லேபர் ரூம்:
ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கேன். எங்க கதை வேற. பிரசவம் பார்க்கிறவங்களுக்கு 21 நாள் பயிற்சி கொடுத்தாங்க. டூட்டியாவே கணக்கு, சம்பளம் பிடிக்கல, ஒரு ரூபாய் செலவு இல்ல. அங்க போகும் முன்னாடி, குழந்தை வெளிய வந்த உடனே தொப்புள்கொடியை வெட்டிடுவேன். என் சீனியர் அக்கா கத்துக்கொடுத்தது அதுதான், வேகமா வெட்டறதுதான் கெட்டிக்காரத்தனம். குழந்தை நல்லா அழுதா ஒண்ணுலேர்ந்து மூணு நிமிஷம் பொறுத்து வெட்டணும், அந்த ரத்தம் குழந்தைக்குப் போற இரும்புச்சத்துன்னு அங்கதான் தெரிஞ்சுது. பிரசவத்துல ரத்தப்போக்கைத் தடுக்கப் போடற ஆக்ஸிடோசின் 2-லிருந்து 8 டிகிரில இருக்கணும்னு சொன்னப்போ, எங்க லேபர் ரூம் டிரேயில வெயில்ல கிடந்த ஆம்பூல்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்ததும் முதல் வேலையா ஃபிரிட்ஜ்ல எடுத்து வச்சேன்.

அதனால நான் ட்யூட்டர் மேடம் பக்கம். கட்டாயம் வேணும். ஆனா நான் போன 21 நாளும் என் இடத்துக்கு ஆள் வரல. என்னோட இருந்த சிஸ்டர் தனியா ரெண்டு பேர் வேலை பார்த்தா. அவ முறை வந்தப்போ போக மாட்டேன்னுட்டா. 2015-ல 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துல வேலைக்கு வந்து, 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்ககம்) வளாகத்துல உட்கார்ந்து போராடின தலைமுறை எங்களுது. அந்தச் சம்பளத்துல இருந்தவகிட்ட சொந்தக் காசுல செமினார் போன்னு சொல்ல எனக்கு நா எழாது.

நோயாளி மகன்:
நான் நர்ஸ் இல்லை. தேடிக்கொண்டே வந்து இதைப் படித்தேன். ஒன்று சொல்லலாமா?

அப்பா சர்க்கரை நோயாளி. காலில் புண் என்று ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருக்கு இன்சுலின் பேனா. இரவில் பேனா ஊசி தீர்ந்துபோனது. டூட்டியில் இருந்த சிஸ்டர், கார்ட்ரிட்ஜிலிருந்தே சாதாரண இன்சுலின் சிரிஞ்சில் 12 கோடு வரை இழுத்துப் போட்டார். விடியற்காலை அப்பா வேர்த்து நனைந்து, பேச்சு குழறி, என்னையே அடையாளம் தெரியவில்லை. சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தார். பிறகுதான் டாக்டர் விளக்கினார். பாட்டிலில் பெரும்பாலும் வருவது மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் இருப்பது மில்லிக்கு 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கானது. 12 கோடு என்று போட்டது உண்மையில் 30 யூனிட்.

அந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று இரவு அந்தத் தளம் முழுவதும் அவர் ஒருவர்தான். அவர் என் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கிளாஸுக்குப் போயிருந்தாரா, அங்கே இதைச் சொன்னார்களா, எனக்குத் தெரியாது. இதை அவருக்கு அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஐசியு பிரதர்:
சார், அப்பா இப்போ எப்படி இருக்கார்?

நோயாளி மகன்:
நன்றாக இருக்கிறார். புண்ணும் ஆறிவிட்டது. நன்றி.

மூணாவது வார்டு:
ரெண்டு நாள் இந்தப் பக்கம் வரல. சார் எழுதினதைப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரியே வார்டு டிராலியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் ஒரே டிரேல கலந்து கிடந்துச்சு. ஆரஞ்சு 100-க்கு. அதுல 40 யூனிட் பாட்டில் இன்சுலின் எடுத்தா 10 கோட்டுக்கு 4 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏன் இறங்கலன்னு நாம டோஸ் ஏத்திட்டே இருப்போம். பதினோரு வருஷ சர்வீஸ்ல இந்தக் கணக்கை நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்ல.

காலைல ஹேண்ட்ஓவர் நேரத்துல எல்லாரையும் நிக்க வச்சு, பேனா, பாட்டில், ரெண்டு சிரிஞ்ச், ஒரு டம்ளர் தண்ணி. ஒவ்வொருத்தரும் இழுத்துக் காட்டணும். பத்து நிமிஷம். ஏழு பேர்ல மூணு பேர் தப்பா இழுத்தாங்க, அதுல ஒருத்தி எனக்கு சீனியர்.

ட்யூட்டர் மேடம், தப்பாத் தெரிஞ்சு வச்சிருக்கிறதை யார் தேடிப் போவாங்கன்னு நீங்க கேட்ட கேள்வி என் மனசுல நிக்குது. யாராவது என்னை உட்கார வச்சிருக்கணும், அது உண்மைதான். ஆனா லைசென்ஸோட முடிச்சுப் போடறதுக்கு நான் இன்னும் சம்மதிக்கல. என்னை உட்கார வச்சது அந்த 800 ரூபாய் கிளாஸ் இல்லையே.

பழைய ட்யூட்டர்:
நானும் என் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. நீங்கள் டிராலியைத் திறந்து பார்த்தீர்கள். திறக்காத இன்சார்ஜ் சிஸ்டர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை, அவர்களுக்குக் கட்டாயம் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் மணிக்கணக்கு பற்றி பிரதரும் லீட்ஸ் சிஸ்டரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வார்டிலேயே, டூட்டி நேரத்திலேயே நடப்பதற்குக் கிரெடிட் கிடைக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ரெஜிஸ்டர் போட்டீர்களா? தேதி, தலைப்பு, யார் யார் செய்து காட்டினார்கள், யார் தவறினார்கள், மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று எழுதி வையுங்கள். கவுன்சிலுக்கு எழுதப்போகும் என் கடிதத்தில் உங்கள் பெயர் போடாமல் அதைச் சேர்க்கிறேன்.

மூணாவது வார்டு:
போடல மேடம். ஒரு பழைய நோட்டு இருக்கு, இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். அடுத்த வாரம் ஸ்பிரிட் பாட்டில்.

லேபர் ரூம்:
அக்கா, அந்தத் தண்ணி டம்ளர் செஞ்சு காட்டறதை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. எங்க பக்கம் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காங்களுக்கும் காட்டணும்.