முதல் பெலட் மட்டும் மேலே போகுது, சனிக்கிழமை போட்டி, அவசரம்

கந்தப்பளை_குருவி
வணக்கம். ரைபிள் திடீரென்று குழப்பம் கொடுக்கிறது. முதல் பெலட் (ஈயக் குண்டு) மேலே போகிறது, அப்புறம் எல்லாம் சரியாக விழுகிறது. கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சுட்டால் திரும்பவும் மேலே. சைட்டை (குறிபார்க்கும் கருவியை) இறக்கினால் மற்றதெல்லாம் கீழே போகிறது. சனிக்கிழமை கொழும்பில் போட்டி. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பத்தும்_பத்தும்
என்ன ரைபிள் தம்பி? 10 மீட்டரா 50 மீட்டரா? எயார் ரைபிள் என்றால் ஸ்பிரிங்கில் வேலை செய்வதா, அமுக்கிய காற்றுச் சிலிண்டர் போட்டதா? என்ன பெலட்? டின் புதிதா? தலை அளவு 4.49, 4.50 மி.மீ. என்று டின்னில் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துச் சொல். என் கணக்கில் இது பெலட். ஒரே கம்பனி பெலட் என்றாலும் டின்னுக்கு டின் வித்தியாசம் வரும், அடிப்பாகம் நசுங்கிய பெலட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

பழைய_குறிகாரன்
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது? துவக்குக்கு ஒன்றுமில்லை, கோளாறு துவக்குக்குப் பின்னால் நிற்கிறது. இடைவெளி விட்டதும் கன்னம் சீக்கில் (கன்னம் வைக்கும் கட்டையில்) வேறு இடத்தில் உட்காரும், தோளில் பட் (ரைபிளின் பின்முனை) ஒரு மில்லிமீட்டர் ஏறும், முதல் பெலட் ஓடும். நாலைந்து சுட்டதும் உடம்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். கண்ணை மூடி, ரைபிளைத் தூக்கி, கண்ணைத் திறந்து பார். டார்கட்டுக்கு நேரே இருக்கிறதா? இல்லையென்றால் காலை நகர்த்து. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்க ஆளில்லை, எதற்கெடுத்தாலும் சாமானைக் குறை சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஊவா_காற்று
நுவரெலியாப் பக்கம் என்றால் உயரத்தை யோசிக்க வேண்டும். டவுனே 1868 மீட்டர். காற்று அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றில் பெலட்டுக்குத் தடை குறைவு, அதனால் மேலே போகும். பண்டாரவளையில் எங்களுக்கும் இந்த அனுபவம் உண்டு.

கொழும்பு_10மீ
உயரம் என்றால் எல்லா பெலட்டும்தானே மேலே போகும்? முதல் பெலட்டுக்கு மட்டும் எப்படிக் காற்று மெல்லியதாகும்? விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்படும் பெலட் 10 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய 17 மி.மீ. விழுகிறது. காற்று ஆறில் ஒரு பங்கு மெலிந்தால் அதில் மாறுவது கால் மில்லிமீட்டர் வரை. சைட்டில் ஒரு கிளிக், விஷயம் முடிந்தது.

குருவி, முதலில் கேட்டதற்குப் பதில் போடுங்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே? நின்று சுட்டதா, மணல் மூட்டையில் வைத்துச் சுட்டதா? சிலிண்டர் என்றால் காற்று எங்கே நிரப்புகிறீர்கள்?

மரக்கறித்தோட்டம்
இந்த 10 மீட்டர் துவக்கு பன்றிக்குச் சரிவருமா? கரட் பாத்தி முழுக்கக் கிளறிப்போட்டிருக்கிறது. குரங்கு வேறு.

கொழும்பு_10மீ
வராது. இதன் சக்தி 7, 8 ஜூல்தான், கடுதாசியில் ஓட்டை போடுகிற அளவு. பன்றியைக் காயப்படுத்தி அலைய விடுவீர்கள். லைசன்ஸ் எதற்காகத் தரப்பட்டதோ அதற்கு மட்டும்தான் பாவிக்கலாம் என்பது வேறு. இங்கே அந்தப் பேச்சு வேண்டாம்.

கந்தப்பளை_குருவி
மன்னிக்கவும், மைதானத்தில் சிக்னல் இல்லை. நான் தங்கச்சி, தம்பி இல்லை. 10 மீட்டர் எயார் ரைபிள், சிலிண்டர் போட்டது, கிளப்புடையது. பெயர் போட வேண்டாம் என்று சேர் சொன்னார். பெலட் பழைய டின்தான், மாற்றவில்லை. நின்றுதான் சுட்டேன். பத்து நிமிடம் விட்டால் 12 மணிப் பக்கம், அதாவது நேர் மேலே, ஒன்பதாம் வளையத்துக்குப் போகிறது, சிலவேளை 8.7. காற்று கைப்பம்பில் அடிப்போம்.

ஹட்டன்_கராஜ்
கைப்பம்ப்! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி.

ரெகுலேட்டர். வேறு எதுவும் இல்லை. சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறது. பெலட்டுக்கு அவ்வளவும் வேண்டாம், ரெகுலேட்டர் அதைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்தமாக முன்னறைக்கு விடும். விட்டதும் வாய் அடைபட வேண்டும். உள்ளே இருக்கும் சீட்டில் ஒரு கீறல், ஒரு தூசு, கொஞ்சம் துரு இருந்தாலும் வாய் முழுதாக அடையாது. நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் சொட்டுச் சொட்டாகக் காற்று முன்னறைக்குள் ஊறி அழுத்தம் ஏறிவிடும். முதல் பெலட் வேகமாகப் போகும். அடுத்தடுத்துச் சுடும்போது ஊற நேரமில்லை, அதனால்தான் சரியாகிறது. முதல் பெலட் மேலே போனால் ஊறுகிறது என்று அர்த்தம்.

கொழும்பு_10மீ
கணக்கும் பொருந்துகிறது. 170 இல் போக வேண்டியது 180 இல் போனால் 2 மி.மீ. அளவு மேலே அடிக்கும். வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. ஆகவே 9.8, 9.9 விழுகிற இடம் ஒன்பதுக்குக் கிட்டப் போவது இந்த அளவில்தான். மிச்சம் கொஞ்சம் உடம்பும் சேர்ந்திருக்கலாம். குறிகாரன் அண்ணா சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள்.

பழைய_குறிகாரன்
தள்ளிவிடாதீர்கள் என்று எனக்குச் சான்றிதழ் தர வேண்டியதில்லை. இந்த நாட்டில் எயார் ரைபிள் என்றால் என்னவென்று தெரியாத காலத்திலேயே சுட்டவன் நான். குரோனோகிராப்பில் வேகம் பார்க்காமல் ரெகுலேட்டர், ரெகுலேட்டர் என்று ஓடுவது வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

ஹட்டன்_கராஜ்
கந்தப்பளையில் குரோனோகிராப் எந்தக் கடையில் விற்கிறது சேர்? அது இல்லாமலும் பார்க்கலாம். மணல் மூட்டையில் ரைபிளை வைத்து ஐந்து பெலட் சுடவும். கால் மணி நேரம் விடவும், ரைபிளை யாரும் தொடக் கூடாது. அதே மூட்டையில் ஒன்று. அது மட்டும் மேலே போனால் துவக்கு. போகாவிட்டால் உங்கள் கன்னமும் தோளும். மூட்டைக்குக் கன்னம் கிடையாதே.

பழைய_குறிகாரன்
மூட்டையில் வைத்தால் பின்னடிப்பு வேறு மாதிரி, கையில் பிடித்தால் வேறு மாதிரி. இதுகூடத் தெரியாமல்...

பத்தும்_பத்தும்
சிலிண்டர் ரைபிளில் என்ன பின்னடிப்பு அண்ணா? நீங்கள் ஸ்பிரிங் காலத்தில் நிற்கிறீர்கள்.

பழைய_குறிகாரன்
ஸ்பிரிங் காலம் என்று சிரிக்க வேண்டாம். ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் ஸ்பிரிங் ரைபிள் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. சுடும்போது மேற்பாகம் முழுக்கத் தண்டவாளத்தில் பின்னால் சறுக்கும், கன்னத்துக்கு அடி தெரியாது. சிலிண்டர் இல்லை, பம்ப் இல்லை, ரெகுலேட்டர் இல்லை, ஈரம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மலையகத்துப் பிள்ளைக்குச் சிலிண்டர் நிரப்ப டைவிங் கடையும் இல்லை, சர்விஸ் ஆளும் இல்லை. அப்படியிருக்க சிலிண்டர் ரைபிளை வாங்கிக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

பத்தும்_பத்தும்
நம் நாட்டுத் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 300எஸ்ஸோடா நின்றார்? 60 பெலட், 75 நிமிடம். ஸ்பிரிங் லீவரை 60 தடவை இழுத்துப் பாருங்கள், கடைசிப் பத்தில் கை நடுங்கும்.

பழைய_குறிகாரன்
1984 இல் இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது எல்லோரும் லீவரை இழுத்துத்தான் சுட்டார்கள். கை நடுங்கவில்லை.

ஊவா_காற்று
ஸ்பிரிங் வேண்டாம் என்றால் ஃபைன்வெர்க்பாவ் 601, 603 மாதிரி ஒரே தடவை லீவரை இழுக்கிற பழைய சாமான் இருக்கிறதே, அதில் சிலிண்டர் கிடையாது.

கொழும்பு_10மீ
இங்கேதான் உங்கள் உயரம் உண்மையில் வேலை செய்யும் ஊவா. லீவர் சுற்றியிருக்கும் காற்றைத்தான் அள்ளி அமுக்குகிறது. நுவரெலியாவில் அள்ளுவதே மெல்லிய காற்று, அமுக்கினாலும் கொழும்பில் வருகிற அழுத்தம் வராது, வேகம் குறையும். மேலே சைட் வைத்துக் கீழே வந்து சுட்டால் திரும்பவும் வைக்க வேண்டும். ரெகுலேட்டர் உள்ள ரைபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஊவா_காற்று
ஆகா, அப்போது நான் சொன்னது முழுதும் தப்பில்லை.

ஹட்டன்_கராஜ்
அந்தச் சண்டையை அப்புறம் போடுங்கள். தங்கச்சி, இரண்டு விஷயம் பார்.

ஒன்று, சிலிண்டரில் அடித்திருக்கும் திகதி. மாதமும் வருடமும் உலோகத்தில் பொறித்திருக்கும். போட்டிச் சிலிண்டரின் காலம் தயாரித்த திகதியிலிருந்து 10 வருடம் என்றுதான் கம்பனிகள் வைத்திருக்கின்றன. அது முடியவில்லை என்று பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு, நடுவர் கேட்டால் மாட்டிக்கொள்வாய்.

இரண்டு, ஈரம். மழை மூட்டத்தில் பம்ப் அடித்தால் காற்றோடு நீராவியும் உள்ளே போகிறது. 200 பாருக்கு அமுக்கும்போது அது நீராவியாக இருக்க முடியாது, தண்ணீராகிவிடும். 16 பாகையில் மூடுபனிக் காற்று ஒரு கனமீட்டரில் 13 கிராம் நீர் வைத்திருக்கும். 200 மில்லிலீட்டர் சிலிண்டர் ஒன்றை வெறுமையிலிருந்து நிரப்பினால் அரை மில்லிலீட்டருக்கு மேலே தண்ணீர். பம்பின் வடிகட்டி கொஞ்சம் பிடிக்கும், அதை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பார். அந்தத் தண்ணீர்தான் மெல்ல ரெகுலேட்டரைத் தின்கிறது.

மரக்கறித்தோட்டம்
வடிகட்டிக்குப் பதில் உள்ளே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டால் துருப்பிடிக்காதே?

ஹட்டன்_கராஜ்
ஐயோ வேண்டாம்! உயர் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்ந்து சூடானால் பற்றி வெடிக்கும். தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ், ஒன்றும் கூடாது. பம்பில் சீல் காய்ந்தால் அதற்கென்று வரும் சிலிக்கன் கிரீஸ், அதுவும் நகத்தில் எடுக்கிற அளவு. யாரும் இந்தப் பக்கம் விளையாட வேண்டாம்.

கந்தப்பளை_குருவி
திகதி பார்த்தேன். 03 / 2009 என்று இருக்கிறது.

கொழும்பு_10மீ
அந்தச் சிலிண்டரை இனி நிரப்பாதீர்கள். பம்பில் பூட்டி அடிக்கும்போது முகத்துக்கு நேரே இருப்பது அதுதான். சேருக்கு இன்றே சொல்லுங்கள்.

ஹட்டன்_கராஜ்
அதே. உள்ளே இருக்கும் காற்றைச் சிலிண்டரோடு வந்த வெளியேற்றும் திருகால் மெல்ல விடு. ரைபிளில் பூட்டியபடி சுட்டு முடிக்கிறேன் என்று நிற்காதே. ரெகுலேட்டரை நீயும் திறக்காதே, கிளப்பில் யாரும் திறக்க வேண்டாம். என் கராஜுக்குக் கொண்டுவாருங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். லொறி எயார் பிரேக் எனக்குத் தெரியும், இது வேறு அளவு.

பழைய_குறிகாரன்
கடைசியில் கராஜ்காரர் தன் எல்லையைச் சொல்லிவிட்டார், சந்தோஷம். கேள் பிள்ளை. சனிக்கிழமைக்கு இரவல் ரைபிள் கிடைத்தால் அதை எடு. முந்தின நாளே போய் அதன் சீக், பட் எல்லாம் உன் அளவுக்கு வை. இரவல் கிடைக்காமல் சிலிண்டர் மட்டும் கிடைத்து, ரெகுலேட்டர் ஊறிக்கொண்டே இருந்தால், இடைவெளியை நீட்டாதே. ஆயத்த நேரத்தில் 15 நிமிடம் இருக்கிறது, புள்ளியில் சேராத சைட்டிங் பெலட் எவ்வளவும் சுடலாம். அதன் கடைசி நிமிடம் வரை சுட்டுக்கொண்டு நின்றுவிட்டு, போட்டி தொடங்கியதும் தாமதிக்காமல் முதல் பெலட்டைப் போடு. பெலட் போடாமல் வெறும் காற்றை விட்டு அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். போட்டிப் பெலட் தொடங்கிய பிறகு அப்படிச் செய்தால் நடுவர் விடமாட்டார்.

பத்தும்_பத்தும்
அட, அண்ணா உருப்படியாகவும் எழுதுவார் போல.

கொழும்பு_10மீ
இன்னொன்று. குளிரில் இருந்த ரைபிளைக் கொழும்புப் புழுக்கத்தில் பெட்டியைத் திறந்து உடனே வெளியே எடுத்தால் குழலில், சைட் துளையில் எல்லாம் வியர்த்துவிடும். மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்து, உலோகம் சூடு பிடித்த பிறகு திறவுங்கள். இரவல் சிலிண்டரை மலையிலேயே 200 பார் வரை நிரப்பிக்கொண்டு வந்தாலும் கவனம். 15 பாகையில் 200 என்றால் 30 பாகையில் 210 காட்டும். வேனின் டிக்கியில் வெயிலில் கிடந்தால் இன்னும் ஏறும். குறைத்து நிரப்பிக்கொண்டு வாருங்கள், மிச்சம் கீழே பார்க்கலாம்.

கந்தப்பளை_குருவி
சேர் சிலிண்டரை எடுத்து வைத்துவிட்டார். வேறு கிளப்பில் ஒன்று இரவலாகத் தருகிறார்களாம், அதைப் பூட்டி மூட்டைச் சோதனையும் செய்தோம். கால் மணி நேரம் விட்டால் இன்னும் மேலேதான் போகிறது. ரெகுலேட்டர் சர்விசுக்குப் போகும். சனிக்கிழமைக்கு ஒரு அக்காவின் ரைபிள். எல்லோருக்கும் நன்றி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பழைய_குறிகாரன்
அந்த அக்காவின் உயரம் என்ன, உன் உயரம் என்ன? பட் நீளம் பார்த்தாயா?

பழைய_குறிகாரன்
பிள்ளை?

பத்தும்_பத்தும்
பஸ் ஏறிவிட்டாள் அண்ணா. சரி, அந்த 300எஸ்ஸுக்கு இப்போது ஸ்பிரிங் எங்கே எடுக்கிறீர்கள்?

பழைய_குறிகாரன்
ஒரு ஸ்பிரிங் நன்றாகப் பாவித்தால் உன் வயதுக்கு நிற்கும். சீல் மட்டும் காலத்தோடு பொடிப்பொடியாக உதிரும், அதை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தேன். சுங்கத்தில் பட்ட பாடு தனிக் கதை.

மரக்கறித்தோட்டம்
அப்போது குரங்குக்கு வழி?