தோட்டப் பாதைப் பாலம்: பிரதேச சபையைக் கொண்டு திருத்தவைத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான ஆசிரியை நான். தோட்டத்தின் மேல் டிவிஷன் லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வரும் பாதையில் உள்ள சிறு பாலம் போன ஒக்டோபர் மழையில் உடைந்துபோனது. மழை வந்தால் ஓடை பெருகிவிடும், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வர முடியாது.

மாணவர் பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, படங்களுடன் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தது. "தோட்டப் பாதை, நாங்கள் கை வைக்க முடியாது" என்றார்கள். தோட்ட நிர்வாகம் சபையைக் கை காட்டுகிறது. கிராம உத்தியோகத்தரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பேசிப் பார்த்தும் பலனில்லை. அப்புறம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்கள் கடந்தும் பதில் இல்லை, இப்போது மேன்முறையீடு எழுதுகிறோம்.

2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம். குடியியற் கல்வி பாடவேளையில் இதைச் சொல்லிக் கொடுத்தேன். "சட்டம் இருக்குத்தானே டீச்சர், ஏன் செய்றாங்க இல்ல?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டப் பாதையைத் திருத்தவைத்தவர்கள் யாராவது இருந்தால், தோட்ட நிர்வாகத்திடமிருந்து என்ன கடிதம் வாங்கிக் கொடுத்தீர்கள்?