வாட்டும் மாடியில் ஆறு சென்சர்: ஐ2சி போதுமா, ஆர்எஸ்-485 வேண்டுமா?

தலவாக்கலை_தம்பி:
எங்கள் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் தொட்டி ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு எஸ்எச்டி31 ஈரப்பத சென்சர். எல்லாம் ஐ2சி (க்ளாக், டேட்டா என்று இரண்டே வயரில் சிப்புகள் பேசும் தடம்) வழியாக ஒரே ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலருக்கு வருகின்றன. இந்த சென்சருக்கு இரண்டே முகவரி என்பதால் நடுவில் தடத்தைக் கிளைகளாகப் பிரிக்கும் மல்டிப்ளெக்சரும் போட்டிருக்கிறேன். கடைசித் தொட்டி 40 மீட்டர். ஃபேன் போட்டதும் அளவு நின்றுவிடுகிறது. ஃபேன் இல்லாதபோது ஒழுங்காக ஓடுகிறது.

ஹட்டன்_சாலிடர்:
தம்பி, ஒன்றையும் பிடுங்க வேண்டாம். ஐ2சி தடத்தின் கெப்பாசிட்டன்ஸுக்கு (வயர் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அளவு) 400 பிக்கோஃபாரட்தான் எல்லை. நெட்வொர்க் கேபிள் மீட்டருக்குச் சுமார் 50 என்றால் 40 மீட்டருக்கு 2000. 4.7 கிலோ ஓம் புல்-அப் (வயரை மேல் வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) அதை மேலே இழுக்கவே 8 மைக்ரோசெகண்ட் ஆகும். 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு பிட்டின் முழு நேரமே 10தான். புல்-அப்பை 1.5 கிலோ ஓமாக்கி, வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். ஈரப்பதம் பார்க்க அது தாராளம்.

பண்டாரவளை_வயர்மேன்:
அண்ணே, கணக்கு சரி, நோய் வேறு. ஃபேன் இல்லாதபோது ஓடுகிறதே, கேபிள் நீளம் அப்போதும் அதேதானே? காண்டாக்டர் (ஃபேன் மோட்டாரைப் போடும் சுவிட்ச்) ஒட்டும் நொடியில் இரு முனை கிரவுண்டும் ஒரே மட்டத்தில் நிற்காது. 3.3 வோல்ட் ஐ2சியில் ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் பூச்சியம். க்ளாக் வயரில் ஒரு பொய்த் துடிப்பு விழுந்தால் போதும், சென்சர் எண்ணிக்கை தவறி டேட்டா வயரைக் கீழே பிடித்துக்கொள்ளும். நீள வயருக்கான ஆர்எஸ்-485 தன் இரு வயருக்கும் உள்ள வோல்ட் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரை இரண்டும் சேர்ந்து ஆடினாலும் தாங்கும்.

ஹட்டன்_சாலிடர்:
பிடித்துக்கொண்டால் ஒன்பது க்ளாக் கொடுத்தால் விட்டுவிடும். மல்டிப்ளெக்சருக்கு ரீசெட் கால் வேறு இருக்கிறது, ஒரு தொட்டி செத்தாலும் மற்ற ஐந்தும் ஓடும். உங்கள் வழியில் தொட்டிக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு பவர், ஒரு பெட்டி. அந்தத் தூசியில் ஆறு போர்டை யார் பார்ப்பது?

பண்டாரவளை_வயர்மேன்:
செலவு கூடத்தான். தம்பி, அளவு நின்றபின் திரையில் என்ன தெரியும்?

தலவாக்கலை_தம்பி:
கடைசியாக வந்த எண். 78 என்றால் விடியும்வரை 78.

பண்டாரவளை_வயர்மேன்:
அண்ணே, பார்த்தீர்களா? தென்மேல் பருவமழையில் வெளிக்காற்றே நனைந்து கிடக்கும். சூட்டுக் காற்றை எவ்வளவு கலப்பது என்று டீமேக்கர் (தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர்) அந்த 78ஐப் பார்த்து முடிவெடுத்தால் ஒரு ராத்திரிக் கொழுந்து போச்சு.

ஹட்டன்_சாலிடர்:
அது கோடிங் தப்பு, ஐ2சியின் தப்பில்லை. 485 வயரில் பேசும் மோட்பஸ் முறையிலும், பதில் வராத டைம்-அவுட்டைக் கவனிக்காமல் விட்டால் இதே 78தான் நிற்கும்.

பண்டாரவளை_வயர்மேன்:
சரி, முதலில் திரையைத் திருத்தட்டும். அப்புறம் கடைசித் தொட்டிக்கு மட்டும் 485 போட்டுப் பாருங்கள் தம்பி. ஈஎஸ்பி32 3.3 வோல்ட், அதனால் 5 வோல்ட் மேக்ஸ்485 சிப் வேண்டாம், 3.3 வோல்ட் மேக்ஸ்3485 வாங்குங்கள். 120 ஓம் ரெசிஸ்டர் கேபிளின் இரு முனையில் மட்டும். ஆமாம், மோட்டார் வயரும் இதுவும் ஒரே குழாயிலா போகின்றன?

தலவாக்கலை_தம்பி:
ஆமாம் அண்ணே. ஒரு குழாய்தான் இருந்தது.

ஹட்டன்_சாலிடர்:
அடப்பாவி! தனிக் குழாய் போடுங்கள். ஐ2சியே ஓடும், மேக்ஸ்3485 டப்பாவில் கிடக்கும். பந்தயம்.

பண்டாரவளை_வயர்மேன்:
பந்தயத்துக்கு நான் தயார். ஆறு ஃபேனையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் நிபந்தனை.